திரை இருண்டால் பூட்டியதாகிவிடாது

தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வந்தேன். திரை கறுப்பாக இருந்தது. மவுஸில் கை பட்டதும் பளிச்சென்று வெளிச்சம்.

ஒரு தோழி தன் மனக்கஷ்டத்தைக் கொட்டி எழுதிய கடிதம், அப்படியே திறந்து கிடந்தது. கடவுச்சொல் கேட்கவே இல்லை.

திரை அணைந்தால் பூட்டிக்கொண்டது என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். இரண்டும் வேறு வேறு. கணினியைத் தொடாமல் விட்டால் தானாக ஓடும் ஸ்கிரீன் சேவர் வந்ததே, பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே படம் நின்று தழும்பு விழாமல் இருக்கத்தான்.

விண்டோஸில் ஸ்கிரீன் சேவர் அமைப்பைத் திறந்தேன். நிமிடக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். திரும்பி வரும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டச் சொல்வது அதுதான். அதில் டிக் இல்லை!

டிக் போட்டு, நேரத்தை 5 நிமிடமாக்கினேன்.

லினக்ஸ் மடிக்கணினியில் எக்ஸ்ஸ்கிரீன்சேவர். 1992-இல் வெளிவந்து இன்றும் நிற்கிற மென்பொருள். அதில் இருள ஒரு நேரம், பூட்ட இன்னொரு நேரம். பூட்டும் நேரம், திரை இருண்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். 10-உம் 5-உம் வைத்தால் 15 நிமிடம் கதவு திறந்தே கிடக்கும். பூட்டு நேரத்தை 0 ஆக்கிவிட்டேன்.

வீட்டில் யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் என்னை நம்பி எழுதப்பட்டது. என் திரையில் இருப்பதில் பாதி அடுத்தவர்களுடையது.

இப்போது நாற்காலியைத் தள்ளும் முன்பே, திரையை உடனே பூட்ட, விரல்கள் விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் தேடிப் போகின்றன.