கட்டைவிரலுக்கு இரண்டு பட்டன்: புது கேமராவில் மூன்று வாரம்

கடைசியில் கண் கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், ரேடியல் ரோட்டு ஓரத்தில் நின்று எடுத்த 22 ஃபிரேமில் 19-இல் நீலத் தாழைக்கோழியின் கண் கூர்மையாக விழுந்திருக்கிறது. கோரைத் தண்டை ஒடித்து, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோலப் பிடித்து, உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தது. முன்னால் நாலைந்து கோரைத் தாள்கள் குறுக்கே ஆடியபடியே இருந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் எடுத்த படங்களில் அந்தத் தாள்கள்தான் பளிச்சென்று இருந்தன, பறவை முழுக்க மங்கல்.

ஒன்பது வருடம் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி இருக்கும் கேமரா) பிடித்த கை. போன மாதம், அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன். லென்ஸ் பழைய 100-400 மிமீ ஜூம்தான், அடாப்டர் போட்டு. பேக் பட்டன் ஃபோகஸ், அதாவது ஷட்டர் பட்டனை விட்டுப் பின்பக்கப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தி ஃபோகஸ் செய்வது, எனக்குப் புதிதல்ல. கேனான் 1989-இலேயே இஓஎஸ் 630-இல் கொடுத்த வசதி அது. பழைய கேமராவில் ஷட்டரிலிருந்து ஏஎஃப்-ஐ (ஆட்டோ ஃபோகஸை) எடுத்துப் பின்பக்க ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுத்ததோடு வேலை முடிந்தது.

இந்தப் புதியதில் அதோடு முடியவில்லை. கட்டைவிரலை எடுத்த பிறகும் ஃபோகஸ் மெல்ல நகர்ந்தது. இரண்டு நாள் தேடினேன். பட்டனைத் தொடாமலே கேமரா தானாக ஃபோகஸ் தேடும் வசதி ஆனில் இருந்திருக்கிறது. ப்ரீ-ஏஎஃப், ப்ரிவியூ ஏஎஃப் என்று பிராண்டுக்கு ஒரு பெயர். அணைத்தேன். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கிறது.

ஆனால் கோரைப் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. பறவைக் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறையில் ஃபிரேம் முழுவதையும் கேமராவிடம் விட்டிருந்தேன். லென்ஸ் முன்னால் இருக்கும் தாளில் நின்றுவிட்டால், பின்னால் இருக்கும் பறவை வெறும் நீலக் கறையாகத்தான் சென்சாருக்குத் தெரியும். கறையில் கண் எங்கே இருக்கிறது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஏஎஃப்-ஆனை எத்தனை முறை அழுத்தினாலும் திரும்பத் திரும்பத் தாளிலேயே போய் உட்காரும்.

இதற்கு வழி இரண்டாவது பட்டன். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரப் பட்டனுக்கு ஒற்றைச் சிறு புள்ளியைக் கொடுத்தேன், கண் தேடல் இல்லாமல். முதலில் நட்சத்திரத்தை அழுத்தி, அந்தப் புள்ளியைத் தாள்களின் இடைவெளி வழியாகப் பறவையின் மார்பில் வைக்க வேண்டும். உடல் ஓரளவு தெளிந்ததும் விரலை அப்படியே ஏஎஃப்-ஆனுக்கு உருட்ட வேண்டும். ஃபோகஸ் கட்டம் தானாகப் போய்க் கண்ணில் உட்காருகிறது. எழுதும்போது எளிதாக இருக்கிறது, விரலுக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில், துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் உட்காரும் காக்காயை வைத்துப் பழகினேன்.

இரண்டு பட்டனும் தொடுவதற்கு ஒரே மாதிரி இருப்பதால் விரல் தடுமாறியது. கேபினெட் கதவு சத்தம் போடாமல் இருக்க ஒட்டும் ரப்பர் பொட்டு இருக்கிறதே, அதில் மிகச் சிறியதை வாங்கி, இன்னும் பாதியாக நறுக்கி ஏஎஃப்-ஆன் மேல் ஒட்டினேன். இப்போது வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே எது எது என்று தெரிகிறது. ஹார்டுவேர் கடையில் ஒரு அட்டையாகக் கிடைக்கும். ஆன்லைனில் கேமரா பட்டன் ஸ்டிக்கர் என்று விற்பதைத் தேட வேண்டாம், அது வழுக்குகிறது.

டிராக்கிங் சென்சிட்டிவிட்டியையும் (ஃபோகஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சீக்கிரம் தாவலாம் என்ற அளவு) பொறுமைப் பக்கம் தள்ளினேன், தாள் குறுக்கே வந்தால் உடனே அதற்குத் தாவக் கூடாது. நண்பர்கள் சொல்லும் எண்ணை அப்படியே வைக்காதீர்கள். நிக்கானில் 5 என்றால் மெதுவாகத் தாவும், சோனியில் 5 என்றால் உடனே தாவும், நேர் எதிர்.

ஒரு பெரிய நிம்மதியையும் சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கு லென்ஸ் ஸ்கேலைச் சாய்த்து வைத்து மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸ் முன்னே பின்னே விழுவதைத் திருத்துவது) பார்த்த ஞாயிறுகள் போயே போய்விட்டன. இங்கே ஃபோகஸை அளப்பதும் படம் பிடிப்பதும் ஒரே சென்சார் என்பதால் அந்த வேலையே இல்லை.

அடுத்து மீசை ஆலா என்ற நீர்ப்பறவை. குளிர்காலத்தில் வந்து நீர்ப்பரப்புக்கு மேல் சட்டென்று திரும்பித் திரும்பிப் பறக்கும். அதற்கு இந்தப் பொறுமை சரிப்படாது, சி2-வில் (நம் செட்டிங்கைச் சேமித்து வைக்கும் இடம்) வேறு செட்டிங் போட்டு வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் ஷட்டரில் இறக்கை வளைந்து விழுவதால் மெக்கானிக்கல்தான். வேகமான மெமரி கார்டு ஒன்றும் வேண்டும், சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் விலை விசாரிக்க வேண்டும். தாழைக்கோழியிலும் அந்த மீதி மூன்று ஃபிரேமில் கட்டம் கண்ணை விட்டு நெற்றியின் சிவப்புக் கவசத்துக்கு ஏறியிருந்தது. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை, ஞாயிறு மறுபடி அதே இடத்தில் நிற்கப் போகிறேன்.