ஊசியில் சாகிற கரப்பான் தீனியில் சாவதில்லை, ஏன்?

பூச்சியின் ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மரபணு முடக்க முறையில் கரப்பானை ஒழிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், எந்த மரபணுவைக் குறிவைப்பது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது குடலை.

ஜெர்மன் கரப்பானின் வயிற்றுக் கண்டங்களுக்கு இடையே 1 முதல் 2 மைக்ரோகிராம் ஈரிழை ஆர்.என்.ஏ.வை (முடக்க வேண்டிய மரபணுவோடு பொருந்தும்படி செய்த, இரு இழைகள் கொண்ட ஆர்.என்.ஏ.) ஊசியால் செலுத்தினாலே இலக்கு மரபணு நன்றாக அடங்கிவிடும். செல்லுக்குள் டைசர் நொதி அதைச் சிறு துண்டுகளாக நறுக்க, ஆர்கோனாட் புரதம் அவற்றை வைத்து இலக்கு மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யுமிடத்துக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்து வெட்டுகிறது. அதையே தீனியில் கலந்து வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. குடல் சாற்றிலுள்ள, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் நொதிகள் செல்லை எட்டுமுன்பே அதைத் தின்றுவிடுகின்றன. கரையானில் நிலைமை கொஞ்சம் சாதகம்: தாளில் ஊறவைத்துக் கொடுத்தே மரத்தைச் செரிக்க உதவும் செல்லுலேஸ் நொதியின் மரபணுவை முடக்க முடியும் என்று 2008-லேயே காட்டிவிட்டார்கள்.

ஆகவே தீனி தயாரிக்குமுன் ஒரு சோதனை. நடுக்குடலைப் பனிக்கட்டி மேல் பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் நசுக்கி, சுழற்றித் தெளிந்த சாற்றை எடுங்கள். அதில் 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. சேர்த்து 0, 10, 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் உடனே ஈ.டி.டி.ஏ. (நொதிக்குத் தேவையான உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) விட்டு நொதியை நிறுத்துங்கள். பிறகு ஆர்.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். 0 நிமிடத்தில் கூர்மையாக நின்ற பட்டை போகப் போக மங்கிக் கீழ்நோக்கி இழுசினால், எந்த மரபணுவைத் தேர்ந்தாலும் அந்தத் தீனி வெறும் தீனிதான்.

லிப்போசோம் என்னும் கொழுப்பு நுண்பைகளில் பொதிந்து கொடுத்தால் ஆர்.என்.ஏ. கூடுதல் நேரம் தாங்கும். பொதிந்ததா என்பதையும் ஜெல்லே சொல்லும்: பொதிந்தது மாதிரியை இட்ட குழியிலேயே தங்கும், பொதியாதது ஓடிவிடும். தீனியைப் பூச்சி எவ்வளவு தின்றது என்று தினமும் எடை போடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறார்கள். பூச்சி அதைத் தொட்டே இருக்காது.

ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் தண்ணீர் போதாது. பூச்சியில் இல்லாத ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) மரபணுவின் ஈரிழை ஆர்.என்.ஏ.வை அதே அளவில் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட முதல் 24 மணி நேரத்துச் சாவுகள் பெரும்பாலும் குத்திய காயத்தால் வருபவை. அவற்றைத் தனியே குறியுங்கள். அவசரமும் கூடாது. தூது ஆர்.என்.ஏ. சில நாட்களில் குறைந்துவிடும், ஆனால் ஏற்கெனவே உருவான புரதம் தீரும்வரை பூச்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூன்றாம் நாளே கணக்கை மூடினால், வேலை செய்கிற மரபணுவையும் சேர்த்துத்தான் தூக்கி எறிவீர்கள்.