அகாத்தெனாங்கோ ஏறப் போகிறவர்களுக்கு: மலையை விட ஏஜென்சியைக் கவனியுங்கள்

குவாத்தமாலாவின் அகாத்தெனாங்கோ எரிமலையில் ஒரு ராத்திரி தங்கி, எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்த்துவிட்டு முழுசாக இறங்கி வந்தாயிற்று. மலை என்னை ஒன்றும் செய்யவில்லை. படுத்தி எடுத்தது, பக்கத்து ஊரான ஆன்டிகுவாவில் நான் பணம் கட்டிய ட்ரெக்கிங் ஏஜென்சிதான். அழகான படங்களும் பயணத் திட்டங்களும் எங்கும் கிடைக்கும் என்பதால், இங்கே கிளம்புவதற்கு முன் நடந்த கூத்தைத்தான் அதிகமாக எழுதப் போகிறேன்.

முதலில் "எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம்" என்ற வாக்கியம். ஜாக்கெட், கையுறை, குல்லா, ஹெட்லேம்ப், பேக்பேக் எல்லாம் தருவார்கள் என்று நம்பிக் குறைவான துணிமணியோடு போயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு குவியல், அதைச் சுற்றி முப்பது பேர். எனக்குச் சொன்ன நேரத்துக்குத்தான் போனேன். மற்றவர்களுக்கு அதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருக்கிறார்கள்! நல்லதெல்லாம் போய்விட்டது. எனக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் ஜிப் பாதி வரைதான் ஏறியது. கையுறை இரண்டும் இடது கைக்கானது. ஹெட்லேம்பில் பேட்டரி இல்லை.

கவுன்டரில் இருந்தவர் செல்போனிலிருந்து தலை நிமிராமலே, "மேலே அவ்வளவு குளிராது" என்றார். கேட்டதும் கோபம் தலைக்கேறியது. 2017 ஜனவரியில் இதே மலையில் குளிர் தாங்காமல் ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். ராத்திரியில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், காற்று வேறு. மழை இல்லாத நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஏறுவதற்கு நல்ல காலம் என்பார்கள். வானம் தெளிவாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதே மாதங்களில்தான் குளிரும் காற்றும் கடுமை.

நான் நகரவில்லை. கவுன்டரை மறித்தபடி ஜிப்பை இழுத்துக் காட்டினேன், இரண்டு இடது கையுறைகளையும் மாட்டிக் காட்டினேன். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியதும் உள்ளறையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. அதில் எல்லாமே நன்றாக இருந்தன! ஆக, கேட்டால்தான் கிடைக்கும். அங்கேயே போட்டுப் பாருங்கள், ஹெட்லேம்பை எரியவிட்டுப் பாருங்கள், வாங்கும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பேக்பேக்கின் வார் அறுந்திருக்கிறது, அபராதம் கட்டு என்றார்கள். முந்தின நாளே அறுந்திருந்த படத்தைக் காட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. உள்ளாடைத் தெர்மல், கம்பளிக் காலுறை, ஷூ இந்த மூன்றையும் மட்டும் யாரையும் நம்பாமல் உங்களுடையதாகவே கொண்டுபோங்கள். புது ஷூ வேண்டாம், நடந்து பழகிய ஷூ.

அடுத்தது சாப்பாடு. பதிவுப் படிவத்தில் 'சைவம்' என்று குறித்தேன், வாட்ஸ்அப்பிலும் சொன்னேன், சாயங்காலமும் நினைவூட்டினேன். காலையில் கையில் வந்த டப்பாவில் கோழி சாண்ட்விச். நல்லவேளை, வண்டி கிளம்புமுன் திறந்து பார்த்தேன், மாற்றிக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் இன்னொரு சைவக்காரர் மேலே போய்த்தான் திறந்தார். அன்று மத்தியானம் அவருக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். டப்பாவை வண்டியருகிலேயே திறந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

உயரத்தைப் பற்றி ஏஜென்சி சொன்னது இன்னும் மோசம். "ராத்திரி விமானத்தில் இறங்கி மறுநாள் காலையிலேயே ஏறலாம், நிறைய பேர் செய்கிறார்கள்." செய்கிறார்கள்தான், வழியெல்லாம் வாந்தியும் எடுக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஆன்டிகுவா சுமார் 1,500 மீட்டர். நடை தொடங்கும் லா சொலெடாட் கிராமம் ஏறத்தாழ 2,400. கேம்ப் கிட்டத்தட்ட 3,600. உச்சி 3,976. கடல் மட்டத்தில் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனில் ஐந்தில் மூன்று பங்குதான் உச்சியில். கடலோர ஊர்க்காரர்கள் குறைந்தது இரண்டு மூன்று நாளாவது ஆன்டிகுவாவில் சும்மா நடந்து பழகிவிட்டு ஏறுவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். லேசான தலைவலியோடு போயிற்று. உடற்பயிற்சி உடம்பு என்று யாரும் மெத்தனமாக இருக்க வேண்டாம். எங்கள் குழுவில் முதலில் சுருண்டது, வேனில் மாரத்தான் கதை சொல்லிக்கொண்டு வந்தவர்தான்.

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். டாக்டரைக் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும் என்று எச்சரித்தார்கள், குறுகுறுத்தது. அடிக்கடி சிறுநீர் வரும் என்பதையும் சொன்னார்கள். நடுராத்திரி உறையும் குளிரில் ஸ்லீப்பிங் பேக்கை விட்டு வெளியே வருவது எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

தண்ணீர். ஆளுக்கு நான்கு லிட்டர் கொண்டுவரச் சொல்வார்கள். முதுகில் நாலு கிலோ என்று உடனே உறைக்காது. குறைக்கவும் முடியாது, மேலே ஊற்று கிடையாது, கேம்ப்பில் சமையலுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தண்ணீரோடு சாப்பாட்டு டப்பா, ஜாக்கெட், மற்றதெல்லாம் சேர்ந்தால் பை பத்து கிலோவைத் தொட்டுவிடும். முதல் ஒரு மணி நேரம் சோளக்கொல்லைகளுக்கு நடுவே செங்குத்தான புழுதிப் பாதை. மனம் தளர்கிற இடம் அதுதான். அதைத் தாண்டிவிட்டால் மேகக் காடு, பைன் மரங்கள், அப்புறம் கறுப்புச் சாம்பல். நடை அதுவாகப் பழகிவிடும்.

போர்ட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தால் வைத்துக்கொள்ளுங்கள். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் நெற்றியில் வாரைக் கட்டிச் சுமையை முதுகில் தாங்கி ஏறுகிறார்கள், நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்தும் விடுகிறார்கள். ஆனால் கார்டில் கட்டலாம் என்று கவுன்டரில் சொன்னதை நம்பாதீர்கள். அடிவாரத்தில் கார்டாவது, சிக்னல் கிடைத்தாலே பெரிய விஷயம். எங்கள் குழுவில் பாதிப் பேர் வெறும் கார்டோடு நின்றார்கள். உள்ளூர்ப் பணமான கெட்சாலைச் சில்லறை நோட்டாக வைத்திருந்தவர்கள்தான் பிழைத்தோம். போர்ட்டர், வாடகைத் தடி, கழிப்பறை, கைடுக்கு டிப்ஸ் எல்லாமே ரொக்கம். தடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏறும்போது அலங்காரமாகத் தோன்றும். இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான். கால் நகத்தையும் முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கேம்ப்பில் எல்லாம் சரியாக நடந்தது. கைடு பொறுமைசாலி, ஸ்லீப்பிங் பேக் சுத்தமாக இருந்தது. செல்போனையும் பவர் பேங்கையும் உள்ளே போட்டுக்கொண்டு தூங்கினேன். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், வெளியே வைத்தவர்கள் விடிந்ததும் புலம்பினார்கள். ஃபுவேகோ அன்று நல்ல மனநிலையில் இருந்தது. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை இருட்டில் சிவப்பாகச் சீறும். சத்தம் சில நொடி கழித்து வந்து நெஞ்சில் இடிக்கும். எல்லோருக்கும் இது வாய்க்காது. சில சமயம் நாள்கணக்கில் சும்மா இருந்துவிடும், இல்லாவிட்டால் மேகம் மூடிக்கொள்ளும். "கட்டாயம் தெரியும்" என்று எந்த ஏஜென்சியாவது சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

விடிகாலை நான்கு மணிக்கு உச்சிக்குக் கிளம்பினோம். சாம்பலில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. சூரியோதயம் பார்த்தேன், நன்றாக இருந்தது.

இப்போது இன்னும் ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். கேம்ப்பிலிருந்து ஃபுவேகோவின் தோள் வரை சாயங்காலம் போய்வர ஒரு கூடுதல் நடை உண்டு. இறங்கி ஏறித் திரும்ப நாலைந்து மணி நேரம் ஆகும், தனிக் கட்டணம். அதை ஆன்டிகுவாவிலேயே முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். அன்று சீற்றம் அதிகம், காற்றும் நம் பக்கம் என்று கைடு போக மறுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. 2018 ஜூன் 3 அன்று இதே ஃபுவேகோவின் எரிசாம்பல் வெள்ளம் அடிவாரக் கிராமத்தையே மூடி, நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருக்கிறது. குவாத்தமாலா அரசின் எரிமலைக் கண்காணிப்பு அமைப்பான இன்சிவுமே தினமும் அறிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் நாள் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள். ஸ்பானிஷில் இருந்தாலும் செல்போன் மொழிபெயர்ப்பே போதும்.

போகாத நடைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அது கைடின் முடிவு, எங்களுடையது இல்லை" என்று கவுன்டரில் கையை விரித்தார்கள். கைடு யாருடைய ஆள் என்று கேட்டேன். பதில் இல்லை. வேறு ஏஜென்சிகள் மூலம் ஏறியவர்கள் இந்த நடைக்குக் கேம்ப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் கிளம்புவது உறுதியான பின் நேரே கைடின் கையில். நீங்களும் அப்படியே கேளுங்கள். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நடை ரத்தானால் திருப்பித் தருவோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ரசீதைக் காட்டி, குரலை உயர்த்தாமல், ஆனால் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் குழுவுக்கு உடைகள் கொடுக்கும் நேரம் நெருங்கி ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பார்கள். பாதித் தொகை கையில் வந்தது. மீதிப் பாதிக்கு, அடுத்த முறை ஏறும்போது கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். பெயர் எழுதாத கூப்பன்தான். யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், ஜிப்பைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.