வியர்வையைப் பார்த்து ஏமாந்த நாள்

அன்றைக்கு என்னோடு ஓடும் நண்பன் உடம்பெல்லாம் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் தப்பாக நினைத்துவிட்டேன். ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும் வெப்பத் தாக்கு என்றால் தோல் காய்ந்து சிவந்திருக்கும் என்று எங்கோ படித்தது மனதில் பதிந்திருந்தது. ஓடி விழுகிறவர்களுக்கு வியர்வை நிற்காமலே இருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

மைதானத்தைச் சுற்றி 25 சுற்று, 10 கிலோமீட்டர். 19-ஆவது சுற்றில் கோட்டை விட்டு விலகி விலகி ஓடினான். "தண்ணி வேணுமா?" என்றதற்கு எரிந்து விழுந்தான். நாலு வருடமாகச் சேர்ந்து ஓடுகிறோம், ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. "எத்தனாவது சுற்றுடா இது?" என்றேன். "சாவிய எங்க வச்சே?" என்றான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். களைப்பு என்று விட்டுவிட்டேன். அடுத்த வளைவில் முட்டி மடங்கி விழுந்தான்.

எங்களுக்குப் பயிற்சி தரும் அக்கா பிசியோதெரபிஸ்ட். "ஒருத்தர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. அது வர்றதுக்குள்ள இவன் உடம்பு குளிரணும்" என்றார். நாலு பேர் தூக்கி, நிழலில் இருந்த ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கினோம். தலை மூழ்கிவிடாமல் இரண்டு அக்குளுக்கும் அடியில் துண்டைக் கொடுத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்காவிட்டால் உடம்பை ஒட்டியிருக்கும் தண்ணீர் சூடாகிவிடும்.

நெற்றியில் காட்டிய தெர்மாமீட்டர் 37.8 டிகிரி செல்சியஸ் என்றது. அக்கா அதை நம்பவில்லை. ஆசனவாய் வழியாகப் பார்த்தபோது 41.4 டிகிரி! 14 நிமிடத்தில் 38.9-க்கு வந்ததும் வெளியே எடுத்தோம். 40-க்குக் கீழே கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாதாம். தொட்டி இல்லாத இடத்தில் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு, சூடாகச் சூடாக மாற்ற வேண்டும்.

யாரோ பாராசிட்டமால் கொண்டு ஓடிவந்தார். அக்கா தடுத்தார். இது கிருமியால் மூளை ஏற்றிய காய்ச்சல் இல்லை, தசை உழைத்த சூடு, மாத்திரைக்கு இறங்காது. நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

தலைசுற்றல், குமட்டல், ஆனால் பேச்சு தெளிவு என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக் இல்லை, வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். பேச்சோ நடத்தையோ மாறினால் காத்திருக்காதீர்கள். வெயில் காலம் தொடங்கும்போது 10 முதல் 14 நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓட்டத்தைக் கூட்டுங்கள், உடம்பு பழகட்டும்.

அவன் இப்போது மறுபடி ஓடுகிறான். ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை எண் கேட்கிறேன். சலித்துக்கொண்டே சரியாகச் சொல்கிறான்.