பிங்

பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டால் எல்லோரும் விடுதி, விளையாட்டுப் போட்டி, பிரம்படி என்று எழுதிவிடுகிறார்கள். பழைய மலர்களில் பிரம்படி வேண்டிய அளவு இருப்பதால் நான் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒலிக்குறிப்புச் சொற்களை நடத்தியபோது கரும்பலகையில் முதலில் எழுதிய சொல் அது: பிங்.

அவர் அகராதியைத் திறந்து பாடம் நடத்துகிறவர் அல்லர். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, மேசை மேலிருந்த கண்ணாடிக் குவளையின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன கேட்டது?" ஒருவன் டிங் என்றான், ஒருவன் கிணிங் என்றான், பின்வரிசையிலிருந்து கணீர் என்று ஒரு குரல் வந்தது. "கணீர் என்றால் கோயில் மணி. இது அவ்வளவு பெரிய ஆளில்லை. வெள்ளைக்காரன் காதில் இது பிங்" என்றார். 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிக் குண்டு எதன் மீதாவது பட்டுத் தெறிக்கும் ஓசைக்குத்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொல் வழங்கியது என்று சொன்னதும், தூங்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சொல்லைத் தமிழ் எழுத்திலும் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த பாடம் தமிழ். ஐயா பலகையைப் பார்த்தார், அழிக்கவில்லை. "ங் என்ற மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நிற்காது. அதனால்தான் உங்கள் வாயில் இது பிங்கு ஆகிறது" என்றார். பிறகு அன்றைய செய்யுளை ஒதுக்கிவைத்துவிட்டு இரட்டைக்கிளவிக்குத் தாவினார். சலசல, முணுமுணு எல்லாம் பிரித்தால் பொருள் தராதவை. ஆங்கிலமோ ஒற்றை ஓசையை அப்படியே பெயராகவும் வினையாகவும் ஆக்கிக்கொள்கிறது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: காதோடு பேசும் ஓசையாக இருந்த கிசுகிசு, பத்திரிகைகளில் வதந்திக்கே பெயராகிவிட்டதாம். ஒலியாகப் பிறந்த சொல் ஒலியோடு நின்றுவிடுவதில்லை என்பதை நான் முதலில் கேட்டது ஆங்கில வகுப்பில் அல்ல, தமிழ் வகுப்பில்தான்.

ஆங்கில ஆசிரியர்தான் எங்களுக்கு மேசைப்பந்துப் பொறுப்பாளரும். பிங்பாங்கை விடுவாரா? இந்த ஆட்டத்தின் தொடக்கக் காலத்தில் மட்டைகளுக்கு நீண்ட கைப்பிடி இருந்தது, முகத்தில் மேளம்போல் தோலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். 1900ஐ ஒட்டி செல்லுலாய்டுப் பந்து வந்து சேர்ந்தது. அந்தப் பந்து அந்தத் தோலில் பட்டு எழுந்த ஓசைதான் பெயராயிற்று. டிங் டாங், டிக் டாக், பிங் பாங் என்று வரிசையாகச் சொல்லச்சொல்லி, பிறகு தலைகீழாகவும் சொல்லவைத்தார். பாங் பிங் என்றதும் வகுப்பே சிரித்தது. இகரம் முந்தி வருவதை ஆங்கிலேயனின் நாக்கு யாரும் கற்பிக்காமலே கடைப்பிடிக்கிறது. அந்தப் பெயரை இங்கிலாந்தில் வணிகப் பெயராகப் பதிவுசெய்துவிட்டதால்தான் விளையாட்டுச் சங்கங்கள் மேசைப்பந்து என்ற உப்புச்சப்பில்லாத பெயரைத் தேடிக்கொண்டன என்பது அவருக்குத் தீராத மனக்குறை.

அவர் அடிக்கடி சொன்ன கதை 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டி. ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து அதில் பட்டால் சத்தமே இல்லை. அடியின் வேகத்தைக் காதாலும் கணித்துப் பழகியவர்கள் தடுமாறிப்போனார்கள். ஒற்றையர் பட்டம் சாட்டோவுக்கு. "பிங்கைப் பிடுங்கிக்கொண்டால் பாங் எங்கிருந்து வரும்?" என்று முடிப்பார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து, கணினி வலையமைப்புகளோடு, என் பிழைப்பு தொடங்கியது. ஆனால் அங்கே வருமுன் சொல் கடலுக்குள் போய்வந்தது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய சோனார் கருவி கடலுக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். அனுப்பிய துடிப்பு இரண்டு நொடியில் திரும்பினால் தடை ஏறத்தாழ 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் துடிப்புக்கும் மாலுமிகள் வைத்த பெயர் பிங். இங்கேதான் சொல் திசை மாறியது. அதுவரை ஒன்றின் மேல் ஒன்று பட்ட ஓசை, இனி பதிலை எதிர்பார்த்து அனுப்பிய ஓசை.

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூட நிரலாளர், கணினி வலையமைப்பு ஒன்றில் கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு சிறு நிரல் எழுதினார். மறுமுனைக் கணினிக்கு ஒரு சிறு தரவுத் துணுக்கை அனுப்பும், அது திரும்பிவர எத்தனை மில்லிநொடி ஆனது என்று காட்டும். சோனாரை நினைத்தே அதற்குப் பிங் என்று பெயரிட்டார். பின்னால் சிலர் அந்த எழுத்துகளுக்கு நீட்டி முழக்கி ஒரு விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அதை ஒப்பிக்கும்போது எனக்குக் கோபம் வரும். குவளையைத் தட்டிக் காட்டினால் புரிகிற சொல்லுக்கு விரிவாக்கம் எதற்கு?

இணைய விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இன்று பிங் என்றால் தாமதம். "பிங் அதிகம்" என்று சலித்துக்கொள்கிறார்கள். அலுவலகத்திலோ செய்தி அனுப்புவதே பிங். கடலில் விழுந்த விமானத்தின் கறுப்புப் பெட்டியோடு இணைந்த கருவி நொடிக்கொரு பிங் விடுகிறது, அதன் அதிர்வெண் 37.5 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20க்கு மேல் கேளாது. ஓசையைப் போலச் செய்து பிறந்த சொல், காதுக்கு எட்டாத ஒன்றுக்கும் பெயராகிவிட்டது.

ஆனால் ஒருமுறை அது பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறது. மூஸ் தம் குறிப்பில் எடுத்துக்காட்டும் கதை இது. ஒரு வலையமைப்பில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் ஒவ்வொரு பதில் வரும்போதும் கணினி "பிங்" என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, ஒலியைக் கூட்டிவைத்துவிட்டு, கட்டடம் முழுக்கக் கேபிள் இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே போனார். குரல் எங்கே நின்றதோ அங்கே பழுது.