மீட்டரில் பூஜ்யம், கலனில் ஹைட்ரஜன்

நாற்பது நிமிட வெல்டிங் வேலைக்கு மூன்று நாள் பிடித்தது. அதில் இரண்டாம் நாளை நினைத்தால் இன்னமும் கை சில்லிட்டுப் போகிறது. ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்கள், குறிப்பாக ஹைட்ரஜனோடு புழங்குகிறவர்கள், இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஹைட்ரஜன் சேமிப்புக் கலனில், அழுத்தமானி பொருத்தும் சிறு குழாயின் அடியில் மயிரிழை விரிசல். பிளான்ட்டை நிறுத்துவது, அழுத்தத்தை இறக்குவது, மிச்ச ஹைட்ரஜனை விரட்ட நைட்ரஜன் செலுத்துவது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஹாட் வொர்க் பெர்மிட்டுக்கான, அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான எழுத்துமூல அனுமதிக்கான, வாயுச் சோதனைதான் பாக்கி.

முதல் நாள் எங்கள் சொந்த மீட்டரே காலை வாரியது. 50 காட்ட வேண்டிய மீத்தேன் சோதனை வாயுவைக் கொடுத்தால் 11 காட்டியது. மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய அளவுத்திருத்தச் சான்றிதழ் கோப்பில் பத்திரமாக இருந்தது, சென்சார் செத்துவிட்டிருந்தது. விசாரித்ததில், மீட்டர் வைத்திருந்த அலமாரியிலேயே துருநீக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரேயையும் யாரோ வைத்திருந்தார்கள். வினையூக்கி மணியால் இயங்கும் சென்சாருக்குச் சிலிக்கோன் ஆவி நஞ்சு. சான்றிதழைப் பார்த்து நம்பாதீர்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு எடுக்கும் முன் சோதனை வாயுவைக் காட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்த மீட்டர் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் கலனுக்குள் அது உதவியிருக்காது. வாயுவைச் சென்சாரின் மேல் எரித்துப் பார்த்து அளக்கும் கருவி அது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். கலன் நிறைய நைட்ரஜன். ஆகவே கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, ‘நைட்ரஜன் நிரப்பிய கலன், ஆக்சிஜன் இல்லாமலும் எரிவாயுவை அளக்கும் கருவி வேண்டும்’ என்று கேட்டேன். ‘அகச்சிவப்பு மீட்டர் அனுப்புகிறோம்’ என்றார்கள். எந்த வாயு என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் சென்னையிலிருந்து மீட்டர் வந்து சேர்ந்தது. மீத்தேன் காட்டியதும் அச்சுப் பிசகாமல் 50. மனம் நிறைந்துபோய், கலனின் அடிப்பக்க வெளியேற்றுக் குழாயில் வைத்தேன். பூஜ்யம். மறுபடியும் வைத்தேன். பூஜ்யம். பெர்மிட்டில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். வெல்டர் கேபிளை இழுத்து வந்துவிட்டார்.

அந்த யூனிட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருக்கும் அண்ணன் ஒருவர் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கசிவு தேடிப் போகும்போது முன்னால் விளக்குமாற்றை நீட்டிக்கொண்டு நடந்த தலைமுறை அவர். விளக்குமாறு பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று பொருள்.

“சார், இது ஹைட்ரஜனைக் கண்டுபிடிக்குமா?”

“மீத்தேனைச் சரியாகக் காட்டியதே, அண்ணே.”

“உள்ளே இருந்தது மீத்தேன் இல்லையே, சார்.”

சிலிண்டர் வரிசையிலிருந்து ஒரு மாதிரிப் பையில் தூய ஹைட்ரஜன் பிடித்து வந்து மீட்டருக்குக் கொடுத்தோம். பூஜ்யம். முழுக்க முழுக்க ஹைட்ரஜன், திரையில் பூஜ்யம்! ஹைட்ரஜன் மூலக்கூறு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதில்லை. அந்த வகை மீட்டரின் கண்ணுக்கு ஹைட்ரஜன் என்ற ஒன்றே கிடையாது. கையேட்டில் சிறு எழுத்தில் இருந்தது. கருவியின் மேல் எங்கும் இல்லை. பெர்மிட்டை அங்கேயே ரத்து செய்தேன்.

வாடகை நிறுவனத்தை அழைத்தபோது, ‘நீங்கள் கேட்டதைத்தானே அனுப்பினோம்’ என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அது பாதிதான் நியாயமான கோபம் என்பதும் எனக்குத் தெரியும். ஹைட்ரஜன் என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வந்தது வெப்பக்கடத்தல் முறையில் அளக்கும் கருவி. காற்றைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பத்தைக் கடத்துவது ஹைட்ரஜன். அந்த வேறுபாட்டை வைத்து நேரடியாகச் சதவீதம் காட்டிவிடும். இந்த முறை ஹைட்ரஜனையே கொடுத்துச் சோதித்த பிறகுதான் கலனுக்குப் போனேன். அடிப்பக்கக் குழாயில் 1 சதவீதத்துக்கும் கீழ். அண்ணன் மேலே கை காட்டினார். ஏணி போட்டு உச்சியில் இருந்த சிறு வால்வில் பிடித்தால் 9 சதவீதம்!

நைட்ரஜன் நுழையும் வழி, வெளியேறும் வழி இரண்டும் கலனின் அடியில். காற்றைவிட 14 மடங்கு லேசான ஹைட்ரஜன் உச்சியில் ஒதுங்கி நின்றுவிட்டது. சரியான கருவியே இருந்தாலும் அடியில் மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம். விரிசல் இருந்ததோ மேல்பாதியில். 9 சதவீதத்தோடு சரிபாதி காற்று கலந்தால் 4.5 சதவீதம், ஹைட்ரஜன் தீப்பற்றும் கீழ் எல்லையோ 4 சதவீதம். மீத்தேன் எரியச் சுமார் 12 சதவீத ஆக்சிஜன் தேவை, ஹைட்ரஜனுக்கு 5 போதும். பொறிக்குப் பஞ்சமில்லை, வெல்டிங் ஆயிற்றே.

நைட்ரஜனை ஓடவிடுவதை நிறுத்தினோம். 3 பார் வரை ஏற்றி, உச்சி வால்வு வழியாக உயரமான வென்ட் குழாயில் வெளியேற்றி, மறுபடி ஏற்றினோம். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் கால் பங்காகக் குறையும். கணக்குப்படி மூன்று சுற்று போதும். நான் ஐந்து போட்டேன்.

இடையில் பிளைண்ட் தகட்டுப் பட்டியலை, அதாவது கலனோடு சேரும் குழாய்களை முழுதாக அடைக்கும் தகடுகளின் பட்டியலை, சரிபார்த்ததில் இன்னொரு ஓட்டை. இரவு ஷிஃப்ட் ஏழு தகடு போட்டதாக எழுதியிருந்தது. ஒவ்வொரு ஃபிளேஞ்சாக, அதாவது குழாய் இணைப்பாக, எண்ணினால் ஆறுதான். ஏழாவது, கம்ப்ரசர் பக்கம், வெறும் வால்வை நம்பி நின்றது. கேஸ்கெட் கிடைக்கவில்லை, காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அந்தத் தகவல் போய்ச் சேராத அடுத்த ஷிஃப்ட் ஓட்டியதில்தான் அது தொடங்கியது. பயிற்சி வகுப்பில் பலமுறை கேட்ட கதை. அன்று எங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. தகடுகளைத் தாளில் எண்ணாதீர்கள், நடந்து போய்க் கையால் தொட்டு எண்ணுங்கள்.

தகடு போட்டாயிற்று. மேலும் கீழும் அளந்தாயிற்று, இரண்டிலும் 0.1-ஐத் தாண்டவில்லை. புது சென்சார் பொருத்திய எங்கள் மீட்டர் வெளிப்புறக் காற்றைக் கவனித்துக்கொண்டிருந்தது. உள்ளே நைட்ரஜன் மெல்லிய அழுத்தத்தில் நிற்க, மாலை நாலரைக்கு வெல்டர் தொடங்கினார். ஐந்து பத்துக்கு முடித்து முகமூடியை நிமிர்த்தினார். நான் அதுவரை உட்காரவே இல்லை.

அதற்குப் பிறகான அழுத்தச் சோதனையில் சிக்கல் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் பெர்மிட் படிவத்தில் ‘என்ன வாயு, என்ன வகை சென்சார், எந்த உயரத்தில் அளந்தது’ என்று மூன்று கட்டங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அகச்சிவப்பு மீட்டரைத் திருப்பி அனுப்பும் முன் அதன் முதுகில் ‘ஹைட்ரஜனுக்கு ஆகாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அடுத்து வாடகைக்கு எடுப்பவர் கைக்குப் போகும்வரை அந்தத் தாள் கிழியாமல் இருக்க வேண்டும்.