களிம்பு ஆய்வில் என் மகள்: கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் வரை

என் மகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடோபிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சி நோய் இருக்கிறது. ஊரில் இதைக் கரப்பான் என்பார்கள். கத்தரிக்காயும் கருவாடும் எங்கள் வீட்டுச் சமையலிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் ஆன பின்பும், முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்துக் கருத்துப்போவதும், இரவில் தூக்கம் கெட்டுச் சொறிவதும் குறையவில்லை. கிருஷ்ணகிரியில் அவளைப் பார்த்துவரும் தோல் மருத்துவர், பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சிறுவர்களுக்கான புதிய களிம்பு ஒன்று ஆய்வில் இருப்பதாகச் சொல்லி, அதன் பதிவு எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த ஆய்வில் அவளைச் சேர்த்து முடித்த அனுபவத்தை, இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. எனப்படும் தேசியப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். யாருக்கு என்ன மருந்து, எதனோடு ஒப்பிடுகிறார்கள், செலவை ஏற்பது யார் என்ற விவரங்களை எவரும் அதில் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும் முன்பே அந்தப் பக்கத்தை நானும் மனைவியும் வரிவரியாகப் படித்தோம். சேரும் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்துள்ள களிம்பும், மற்றவர்களுக்கு மருந்து கலக்காத வெறும் களிம்பும் தரப்படும் என்பதும், யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டன. அவற்றைத் தெரிந்துகொண்டு போனதால், ஒப்புதல் அறையில் எங்களால் நிதானமாகக் கேள்வி கேட்க முடிந்தது.

ஒப்புதல் படிவம் தமிழிலேயே இருந்தது. ஆய்வு மருத்துவர் அதைத் திறப்பதற்கு முன்பே, "சார், இது உங்கள் மகளுக்கான சிகிச்சை இல்லை, ஆய்வு. இதனால் அவளுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டார். எந்த நிலையிலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதும், ஆய்வின்போது உடல்நலக் கேடு நேர்ந்தால் தேவைப்படும் வரை இலவச மருத்துவம் பெறலாம் என்பதும், அந்தக் கேடு ஆய்வினால்தான் என்று உறுதியானால் இழப்பீட்டுக்கும் உரிமை உண்டு என்பதும் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி எழுத்தில் இருந்தன. ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருந்தது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், மருத்துவமனையோடு தொடர்பில்லாதவர்களும் சட்டம் தெரிந்தவரும் அவர்களில் இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நாங்கள் பேசியது முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட்டது. முதலில் கூச்சமாக இருந்தாலும், அந்தப் பதிவு எங்கள் பாதுகாப்புக்கும்தான் என்று விளங்கிய பிறகு அது உறுத்தவில்லை.

பதினொரு வயது ஆனதால் மகளிடமும் தனியாகச் சம்மதம் கேட்டார்கள். "எனக்கு வெறும் களிம்பு வந்தா என்ன செய்யறது?" என்று அவள் கேட்டாள். ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண், "அரிப்பு தாங்கலைன்னா அப்பாகிட்ட சொல்லி உடனே எனக்கு போன் பண்ணு பாப்பா, வேற மருந்து கொடுத்துடுவோம்" என்றார். எங்களை விடச் சரியான கேள்வியை அவள்தான் கேட்டாள் என்பது என் எண்ணம்.

அடுத்து வந்த காலம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. பழைய மருந்தின் தாக்கம் உடலில் மிச்சமிருந்தால் புதிய களிம்பின் விளைவைப் பிரித்தறிய முடியாது என்பதால், ஸ்டீராய்டு களிம்பை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார்கள். ஈரப்பதம் காக்கும் களிம்பு மட்டும் அனுமதி. அந்த இரவுகளில் அவளும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. பள்ளித் தேர்வுகள் இல்லாத நாட்களாகப் பார்த்துத் தொடங்கியது நல்லதாயிற்று. மற்றவர்களும் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நோயை உறுதிசெய்ய 1980இல் ஹனிஃபினும் ராய்காவும் வகுத்த அளவுகோல்களைப் பயன்படுத்தினார்கள். அரிப்பு, தோல் மாற்றங்களின் தோற்றமும் இடமும், விட்டுவிட்டு நீடிக்கும் இயல்பு, நோயாளிக்கோ குடும்பத்திலோ ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை நோய் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அவற்றோடு சிறு அறிகுறிகளிலும் குறைந்தது மூன்று வேண்டும். எனக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா உண்டு என்பது அங்கே ஒரு தகுதியாகிவிட்டது.

அதற்குப் பின், நோயின் தீவிரத்தைக் காட்டும் ஈஸி என்ற மதிப்பெண். தலையும் கழுத்தும், கைகள், உடல், கால்கள் என நான்கு பகுதிகளாகப் பிரித்து, சிவப்பு, வீக்கம், சொறிந்த காயம், தோல் தடிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை அளித்து, பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு 72 வரையிலான ஒரே எண்ணாக்குகிறார்கள். எங்கள் நிறத்தவருக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? கருந்தோலில் அழற்சி ஊதாவாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோதான் தோன்றும். வெள்ளைத் தோலைப் பார்த்துப் பழகிய கண் அதைக் குறைத்து மதிப்பிட்டுவிடும். இதை நான் கேட்டபோது மருத்துவர் மறுக்கவில்லை. அவளைச் சன்னலருகே நிறுத்தி, நோய் தொடாத இடத்தின் நிறத்தோடு ஒப்பிட்டு, தோலைத் தொட்டுப் பார்த்துத்தான் எண்ணைக் குறித்தார். ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரே மதிப்பிட்டதன் காரணமும் எனக்கு அப்போது விளங்கியது. போயம் என்ற ஏழு கேள்விப் படிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கடந்த வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, தோல் வெடித்ததா, நீர் கசிந்ததா என்று அது வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கிறது. என்னைக் கேட்டால், அவளுடைய நோயை நேர்மையாகக் காட்டியது அந்தக் காகிதம்தான்.

எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்துவைப்போம். உப்புத் தண்ணீரால்தான் இந்த நோய் என்று உறவினர்கள் சொன்னதால், நீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு விலை விசாரித்து வைத்திருந்தேன். இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் இதையே சோதித்து 2011இல் வெளியிட்டிருப்பதாக மருத்துவர் சொன்னார். இயந்திரம் பொருத்திய வீடுகளிலும் பொருத்தாத வீடுகளிலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, ஐந்தில் ஒரு பங்கு, குறைந்ததாம். இயந்திரத்தை நான் வாங்கவில்லை.

களிம்பைப் பூசும் அளவுக்கும் கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். காலியான டியூப்களையும் திருப்பி வாங்கி எடைபோட்டார்கள், ஒழுங்காகப் பூசினோமா என்பதற்கு அதுதான் சாட்சி. நாட்குறிப்பில் அன்றைய உச்ச அரிப்பை 0 முதல் 10 வரை அவளே எழுதினாள். போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் விடுப்பு என்னுடையது. தினக்கூலிக்குப் போகும் பெற்றோர் அதை முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஆய்வுக் காலத்தில் அவளுடைய எண்கள் கணிசமாக இறங்கின. ஆனால் இதை வைத்து மருந்து வேலை செய்தது என்று நான் சொல்ல முடியாது. இந்த நோயாளிகளில் பலருக்கு ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தில் குறை இருப்பது 2006இல் தெரியவந்தது. தோலின் காப்புச்சுவர் பலவீனமாக இருப்பவர்களுக்கு, மருந்தில்லாத களிம்பின் பசை கூட ஈரத்தைப் பிடித்துவைத்து ஓரளவு குணம் தரும். அதனால்தான் ஒப்பீட்டுக்கு அந்த வெறும் களிம்பு தேவைப்படுகிறது.

அவளுக்குக் கிடைத்தது எது என்பது எல்லா ஊர்களிலும் ஆய்வு முடிந்த பிறகே தெரியும். தகவல் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். களிம்பு கடைக்கு வராததால் அதைத் தொடர வழியில்லை. இப்போது கிருஷ்ணகிரி மருத்துவரிடமே ஸ்டீராய்டு அல்லாத 0.03 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பைப் பெற்று, தோல் தெளிந்திருக்கும் காலத்திலும் பழைய இடங்களில் வாரம் இரண்டு முறை பூசிவருகிறோம். போயம் படிவத்தை நகலெடுத்து, மாதந்தோறும் நிரப்பி அவரிடம் காட்டுகிறோம்.